இறுகிப்போன முற்றம்

நாத்தனார் கல்யாணப் பந்தலுக்காகக் கரமனையில் எங்கள் வீட்டு மண்முற்றத்தைத் திமிசால் இடித்துக் கெட்டியாக்கினோம். அடுத்து வந்த இடவப்பாதிப் பருவமழையில், வழக்கமாக மண்ணுக்குள் இறங்கிவிடும் தண்ணீர் அப்படியே தேங்கி, சமையலறை மண்சுவரைத் தொட்டது.

"சுவர் இடிஞ்சு விழுந்துடும், சாமானையெல்லாம் மாத்து!" என்று பதறினார் என் கணவர். இருவரும் குடத்தால் இறைத்தோம். இறைக்க இறைக்க மழை நிரப்பியது.

அப்போதுதான் கவனித்தேன். திமிசு படாத வாழை மூட்டைச் சுற்றிய மண்ணில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. சுவரை விட்டுத் தள்ளி, கடப்பாரையால் ஓங்கிக் குத்தினேன். பெயர்ந்த கட்டிக்கு அடியில் மண் உலர்ந்து கிடந்தது!

"இங்கே பாருங்கோ! மேல்மண் இறுகி வழியை அடைச்சிருக்கு. அடியிலே நனையவே இல்லை!" என்று கூவினேன்.

அவரும் மண்வெட்டியோடு வந்தார். கொத்திய இடமெல்லாம் குமிழி விட்டபடி தண்ணீர் உள்ளே இறங்கியது. சாயங்காலத்துக்குள் முற்றம் தெளிந்தது. சுவர் அசையாமல் நின்றது.

"ஜெயிச்சுட்டே, கேட்டியா!" என்று அவர் சிரித்தார்.

இப்போதெல்லாம் விசேஷம் முடிந்து பந்தல் பிரித்த கையோடு முற்றத்தைக் கொத்தி, சருகு கலந்து, மண்ணைப் பொலபொலவென்று வைத்துவிடுகிறேன். இந்த வருஷம் எங்கள் தெருப் பெண்கள் பலரும் மழைக்கு முன்பே கொத்திவிட்டார்கள். தெருவில் ஒரு வீட்டிலும் தண்ணீர் நிற்கவில்லை!