செமோரின் ஒரே வாசகி

தமிழ்ப் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை என்று ஈப்போ நூலக மேடையில் வண்ணப்படம் போட்டு நிரூபித்தவன் நான்தான். படிக்கிறார்கள் என்று நிரூபிக்கத்தான் போயிருந்தேன்.

போன வாரம் நடந்த கூத்து இது. நூலகத்துக்காரர்கள் இரவல் கணக்கைப் பெயர்களை நீக்கி இணையத்தில் போட்டு, இதை வைத்துப் புதுமையாக ஏதாவது செய்யுங்கள் என்று போட்டி வைத்தார்கள். மற்றவர்கள் பரிசுக்கு வந்தார்கள். எனக்கோ வேறு கவலை. தமிழ் அலமாரியை எடுத்துவிட்டுக் கணினி மேசை போடப்போவதாகப் பேச்சு. விடுவேனா? தமிழ்ப் புத்தகம் எடுக்கும் நூலகக் கார்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி என்று பேராக் மாநில வரைபடம் செய்தேன். அடுத்து என்ன படிக்கலாம் என்று யோசனை சொல்லும் செயலியையும் அதில் மாட்டினேன்.

திரையில் சிலிபின் பக்கம் நாலைந்து புள்ளிகள். செமோரில் ஒன்றே ஒன்று, கொசு எச்சம் மாதிரி. அதை அழுத்தினேன். அந்த வாசகர் எடுத்தவை: கொலைக்கதை, குழந்தைக்குப் பெயர் வைக்கும் புத்தகம், இனிப்புநீர் வியாதிக்குச் சமையல், மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பு, மறுபடி கொலைக்கதை. என் செயலி கொஞ்சம் யோசித்து, 'இவருக்கு மன அமைதி நூல் தேவை' என்றது. அரங்கமே சிரித்தது. நடுவர் அம்மையார் மட்டும் சிரிக்காமல், "ஒரே ஆளா?" என்று மலாயில் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

எனக்கோ அந்த மேடையிலேயே ரப்பர் பால் புளித்த வாடை அடித்தது. சின்ன வயதில், செமோர்ப் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு நூலக வேன் வரும். கார்டு எடுக்கத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் கையெழுத்து வேண்டும். அவர் முன்னால் போய் நிற்க எல்லாருக்கும் கூச்சம், பாப்பாத்தி அக்காவைத் தவிர. ஆகவே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கே அக்காவின் கார்டுதான். புத்தகம் முதல் வீட்டில் நுழைந்து, நெத்திலிக் குழம்புக் கறையோடு கடைசி வீடான எங்கள் வீட்டுக்கு வரும். அதற்குள் தண்ணீர்ப் பீலியடியில் யாராவது, "டாக்டருதான் லா கொன்னான், இன்னுமா படிக்கல?" என்று முடித்துவிடுவார்கள். கொலைகாரனைத் தெரிந்துகொண்டே கொலைக்கதை படித்து வளர்ந்தவனுக்குத் துப்பறியும் புத்தி எங்கிருந்து வரும்?

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் வந்துவிட்டன; அக்காவும் இப்போது அங்கேதான். லயம் இல்லை, பீலியடி இல்லை. கையெழுத்துப் போடக் கிராணியும் இல்லை, அந்தக் கையெழுத்தும் இப்போது வேண்டியதில்லை.

அன்று மாலையே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, இன்னும் ஒங்க கார்டுலதான் தாமானே படிக்குதா?"

"ஆமாடா. கேக்குறாங்க, எடுத்துக் குடுக்குறேன்."

"ஆளுக்கொரு கார்டு எடுக்கச் சொல்லுங்கக்கா. இல்லன்னா அலமாரியவே தூக்கிருவாங்க. நம்ம ஆளுங்க இப்படி இருந்தா எப்படி லா?"

"ஒன் கார்டு எங்க?"