ஹெரால்ட் காரின் வலது பக்கம்

தகர வேலை செய்யும் இர்ஷாத் பாய்தான் எனக்குச் சொன்னார். மெட்ரோவில் அலுவலகம் போய்க்கொண்டிருந்தேன். போனை எடுத்ததும், "மேடம்ஜி நஹீ ரஹீ" என்றார். முத்துலட்சுமி மேடம் போய்விட்டார். தெருவில் காய்கறி வண்டியருகே நின்று வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. மேடத்தின் கணவரிடம் யார் சொல்வது என்று இர்ஷாத் பாய் கேட்டார். தன்னால் முடியாது என்றார். அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர்ப்பக்க ரயிலில் ஏறினேன்.

மேடத்தை உங்களில் பலர் அலுவலகத்தில் அறிந்திருப்பீர்கள். கோப்பில் ஒரு வரி கோணலாக இருந்தாலும் திருப்பி அனுப்புகிறவர். டில்லி மோதி பாக் குவார்ட்டர்ஸில் பாதி ஆயுளைக் கழித்தும் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை. என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். பணி ஓய்வுக்குப் பின் மயூர் விஹாரில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் ஓய்வு பெற்ற வருடமே அவருடைய கணவர் ஆறுமுகம் சார் பக்கவாதத்தில் விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "சரி". பசி, கோபம், வேண்டாம், தூக்கம் வருகிறது, எல்லாவற்றுக்கும் அதே சொல். "அவரு சொல்லுத விதத்துல தெரிஞ்சிரும் அண்ணாச்சி" என்பார் மேடம். எங்களுக்குத் தெரிந்ததில்லை.

சார் இளவயதில் வாங்கிய ஹெரால்ட் கார் ஒன்று வீட்டு வாசலில் ஓடாமல் நின்றது. அதை எடுத்துப்போக ஒருநாள் பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரர் வந்தார். சார் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கதவின் கைப்பிடியை இடது கையால் பற்றிக்கொண்டு "சரி! சரி!" என்று கத்தியிருக்கிறார். வந்தவர் மிரண்டு போய்விட்டார். அன்று மாலை மேடம் எனக்கு போன் செய்தார். "வண்டிய விக்கலே அண்ணாச்சி. ரிப்பேர் பண்ணப் போறேன். தகர வேலைக்கு நல்ல ஆள் இருந்தா சொல்லுங்க."

கரோல் பாகிலிருந்து இர்ஷாத் பாயை அழைத்துப் போனேன். அவர் காரின் உள்விரிப்பைத் தூக்கிவிட்டு, தரைத் தகரத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். அது பிடிவரைக்கும் இறங்கியது. ஓட்டை வழியே கீழே சிமென்ட் தரை தெரிந்தது. "சப் கல் கயா" என்றார். எல்லாம் மக்கிவிட்டது. பட்டி பூசி மேலே பெயின்ட் அடித்தால் ஓரிரு வருடம் தாங்கும் என்றார். மேடம் சம்மதிக்கவில்லை. இர்ஷாத் பாயால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வர முடியும் என்றதும், "அப்ப வெல்டிங்க எனக்குக் காட்டிக் குடுங்க. மத்த நாள் நான் பாத்துக்கிடுதேன்" என்று மடமடவென்று ஹிந்தியில் சொல்லிவிட்டு என்னிடம் தமிழில் ஒருமுறை சொன்னார்.

அப்படித்தான் தொடங்கியது. துருப்பிடித்த இடத்தைக் கிரைண்டரால் வெட்டி எடுப்பார். அட்டையில் அளவு வெட்டி, அதைப் புதுத் தகட்டில் வைத்து வரைந்து, வெட்டி, வளைத்துப் பொருத்துவார். பிறகு இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டாக வெல்டிங் வைப்பார். ஒரேயடியாக வைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். முதல் மாதங்களில் பொட்டு வைத்த இடமெல்லாம் பொத்துக்கொண்டு போனது. புடவையை விட்டு சல்வாருக்கு மாறினார். "நல்ல தகரம் வாரவரைக்கும் வெட்டணும் அண்ணாச்சி. நடுவுல மனசு எரங்கினா மறுபடி முதல்லேருந்துதான்" என்பார்.

ஆனால் நல்ல தகரம் எளிதில் வரவில்லை. விரலளவு துரு என்று வெட்டினால் முழங்கையளவு இருந்தது. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு போயிருந்தேன். முன்பே முடித்திருந்த கார்க் கதவடி விளிம்பின் மடிப்புக்குள் மறுபடியும் துரு ஊறியிருந்தது. மேடம் காரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். வெல்டிங் முகமூடியைக் கழற்றவில்லை. "எங்க தட்டினாலும் உதிருது. அவரத்தான் என்னால ஒண்ணும் செய்ய முடியல, இதையாவது செய்யலாம்னு பாத்தேன்" என்றார். உள்ளே அழுகிறார் என்பது குரலில் தெரிந்தது. நான் கிரைண்டரின் வயரைச் சுற்றி வைத்தேன்.

மறுவாரம் அந்த விளிம்பை மறுபடி வெட்டியிருந்தார்.

இடது பக்கத்தைத்தான் முதலில் எடுத்தார். சார் உட்காரப்போகும் பக்கம் அது. இந்தக் குளிர்காலத்தில் அது முடிந்தது. இர்ஷாத் பாயும் நானும் சாரைத் தூக்கி உட்காரவைத்தோம். கால் பதிந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு முன்கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தபடி, "சரி" என்றார். மேடம் சிரித்துவிட்டார். "எப்பக் கெளம்பலாம்னு கேக்காரு அண்ணாச்சி."

வலது பக்கம், ஓட்டுகிறவர் பக்கம், அப்படியே இருக்கிறது. மக்கியதை வெட்டி எடுத்தாயிற்று. புதுத் தகடு வைக்கவில்லை.

மேடம் போன அன்று நான்தான் சாரிடம் சொன்னேன். அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு "சரி" என்றார். புனேயிலிருந்து மாலையில் வந்து சேர்ந்த மகள், "அங்கிள், அப்பாக்குப் புரிஞ்சிதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "எனக்கும் சமஜ் ஆகல அங்கிள். அம்மாட்ட போன்லயே கேட்டுப்பேன், அப்பா என்ன சொல்றாங்கன்னு" என்றாள். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண், தமிழோடு ஹிந்தி கலந்துதான் வரும். சாரின் அந்த ஒரு சொல்லிடம் எங்கள் எல்லாருடைய தமிழும் தோற்று நின்றது.

காரியங்கள் முடிந்தபின் ஒரு ஞாயிறு இர்ஷாத் பாய் தகடும் மெஷினுமாக வந்தார். மிச்சத்தைத் தானே முடித்துத் தருவதாகச் சொன்னார். சார் இடது பக்க இருக்கையில் இருந்தார். இர்ஷாத் பாய் வலது கதவைத் திறந்ததும், சார் இடது கையால் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். "சரி, சரி, சரி." செய் என்கிறாரா, தொடாதே என்கிறாரா? இர்ஷாத் பாய் என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். இர்ஷாத் பாய் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் மகள் அப்பாவைப் புனேக்கு அழைத்துப் போகிறாள். வண்டியை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். கணவரின் நாற்காலியைத் தள்ளும் முன், வாயருகே ஸ்பூனைக் கொண்டுபோகும் முன், போர்வையை விலக்கும் முன், அவர் எதிரே குனிந்து, "செய்யட்டுமாங்க?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்து நிற்பார். எவ்வளவு அவசரமானாலும் அப்படி நிற்பது குறைந்ததில்லை. இப்போது ஞாயிறுகளில் நான் சாரிடம் போகிறேன். வெயில் ஏறியதும் குனிந்து, "நெழலுக்குத் தள்ளட்டுமா சார்?" என்று கேட்கிறேன். அவர் "சரி" என்கிறார். நாற்காலியின் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறேன்.