குட்டைக் குழாயும் பதினொரு தையலும்

கோல்டர் மாட்டுச் சந்தைக் காப்பிக்கடையில் இந்தக் கதையைக் கேட்காத ஆள் கிடையாது. எல்லை வேலித் தகராறில் ஆர்வில் கெஸ்லர் ஓர் இரும்பு வேலிக்காலைப் பிடுங்கித் தோரா லிண்ட்ஸ்காக்கின் மண்டையில் போட்டானாம். அவள் விட்ட ஒரே குத்தில் ஆறடி ஆள் மட்டமல்லாக்க விழுந்தானாம். அவளுக்கு இருபது தையலாம். பிறகு இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம், அன்றிரவு அவன் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டானாம். கடைசி வரி வரும்போது மட்டும் சொல்கிறவர் குரல் தாழும், பக்கத்து மேசை நாற்காலிகள் நகர்ந்து வரும்.

இதில் ஒரே வண்டியில் போனது உண்மை. தங்கினதும் உண்மை. மிச்சத்தை உள்ளது உள்ளபடி கேளுங்கள்.

தோராவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. ஐந்தடி இரண்டங்குலம். அவள் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தவர் ஊரில் இல்லை. ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மாட்டை எண்ணுவாள். தேவாலயத்தில் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றுகொண்டு, சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டிருப்பாள். நான்கு வருஷம் அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான். "டிவி பாக்க உக்காந்தா குறுக்கயும் நெடுக்கயும் நடந்துக்கிட்டே இருக்கா, நான் ஒரு ஆட்டத்தக்கூட முழுசாப் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் போனதையும் அவள் நின்றபடியேதான் பார்த்தாள் என்பார்கள்.

அந்த வருஷம் மே மாதத்தில் ஓடை பொங்கி, அவளுக்கும் ஆர்விலுக்கும் பொதுவான வேலியில் எண்பது கால்களை அடித்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பொது வேலியின் நடுவில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றால், அவரவர் வலக்கைப் பக்கத்துப் பாதி அவரவர் பொறுப்பு. வெள்ளம் தின்றது முழுக்கத் தோராவின் பாதி. சொந்தப் பாதிக்கு ஆள் கூப்பிடுவது, சொந்த மூக்கைச் சிந்த ஆள் கூப்பிடுவது மாதிரி.

அவசரம் வேலிக்காக இல்லை, கிடாரிகளுக்காக. கறுப்புக் கிடாரி இருபத்தெட்டு, எல்லாம் அவள் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்தவை, முதல்முறை சினைக்கு நிற்பவை. அவற்றுக்கென்று சின்னத் தலைக் கறுப்புக் காளை ஒன்றைப் பேசி வைத்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கமோ ஆர்விலின் வெண்ணெய் நிறக் காளை, அடுப்பு அளவு தலை. அது இந்தப் பக்கம் வந்தால், மார்ச் மாதம் இந்தச் சின்ன இடுப்புகளில் அந்தப் பெரிய தலைக் கன்றுகள் மாட்டிக்கொள்ளும். கன்றும் போகும், தாயும் போகும். இருபத்தெட்டும் போனால் பண்ணை போச்சு.

சனிக்கிழமை ஆர்வில் வந்தான்.

"திங்கக்கெழம காளைய அவுத்து விடுறேன், தோரா. வேலி?"

"வேலி நிக்கும்."

"ஒரு கை குடுக்கட்டா?"

"ஒன் பாதிய நீ பாரு."

அவன் வண்டியிலிருந்து ஒரு இரும்புக் குழாயை எடுத்து நீட்டினான். கால் இறக்குகிற குழாய். ஒரு வாய் மூடி, மறு வாய் திறந்து, பக்கத்துக்கு ஒரு கைப்பிடி. காலின் தலையில் மாட்டி, தூக்கித் தூக்கி இறக்கினால் கால் மண்ணுக்குள் போகும். தோராவின் பழைய குழாய் இரண்டடி நீளம். போன இலையுதிர்காலத்தில் ஆர்வில் அதை இரவல் வாங்கி, தன் டிராக்டரை அதன் மேலேயே ஏற்றிவிட்டான். அதற்கு ஈடாக அவன் கையால் செய்தது இது.

"என்னடா இது, பீன்ஸ் டப்பாவா?"

"எங்கிட்ட அவ்வளவு குழாய்தான் மிச்சம். பதினாலு அங்குலம், ஆனா இருபது பவுண்டு. பாத்து, பழசு மாதிரி உசரத் தூக்காத. காலோட தலைய விட்டு வெளிய வந்துச்சுன்னா விளிம்பு போயி கால் மேல உக்காரும். நீ கீழ இழுப்ப. அப்புறம் அது தேடி வர்றது ஒன் மண்டையத்தான்."

"நீ டிராக்டர் ஓட்டுற லட்சணத்துக்கு எனக்குப் பாடமா?"

அவன் மஞ்சள் ஹெல்மெட் ஒன்றையும் கொடுத்தான், தானியக் கிடங்கில் வேலை பார்த்தபோது போட்டது.

"இதப் போட்டுக்கிட்டு வேலி அடிச்சா என் மாடே சிரிக்கும்" என்று அதைத் தன் வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டாள்.

ஞாயிறு விடியலிலேயே ஆரம்பித்தாள். காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. ஆரம்பத்தில் முறையாகத்தான் செய்தாள். காலைச் சாய்த்துப் பிடித்து, இடுப்பு உயரத்திலேயே குழாயை மாட்டி, பிறகு நிமிர்த்தி, முதலில் நாலைந்து சின்னத் தட்டு. கால் ஈர மண்ணைக் கவ்வின பிறகுதான் பலமான அடி. புதுக் கால் என்றால் தலையில் ஒரு சாண் வெள்ளைப் பெயிண்ட் இருக்கும். குழாயின் விளிம்புக்குக் கீழே வெள்ளை தெரிந்தால் இதற்கு மேல் தூக்காதே என்று அர்த்தம். அவளுடையது ஏலத்தில் எடுத்த பழைய கால்கள். தலையிலிருந்து கால் வரை துரு.

முள்கம்பியையும் இழுத்துக் கட்டிக்கொண்டே வந்தாள். மத்தியானம் ரொட்டியை நடந்தபடி தின்றாள். இடுப்பு கெஞ்சியது, அவள் கேட்கவில்லை. எழுபத்தேழாவது காலைத் தரையில் ஊன்றியபோது கிடாரிகள் எல்லாம் ஒரே பக்கம் தலையைத் திருப்பின.

வெண்ணெய் நிறக் காளை. திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க அதற்குப் பொறுமை இல்லை, பட்டிக் கதவை முட்டிச் சாய்த்துவிட்டு ஓடைச் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தது. இன்னும் கால் மைல்.

"வராதடா, வராதடா" என்று சொல்லிக்கொண்டே தோரா காலைச் சாய்க்காமல் நின்ற நிலையிலேயே, தலைக்கு மேலே எட்டிக் குழாயை மாட்டினாள். சின்னத் தட்டு கிடையாது. கண் காளையின் மேல். கைகளுக்கு இருபது வருஷமாகப் பழகினது இரண்டடிக் குழாய். அவை அந்தக் கணக்கிலேயே தூக்கின. விளிம்பு காலின் தலையைத் தாண்டியது. அவள் இழுத்தாள்.

அன்றைக்கு அவள் முதல்முறையாக உட்கார்ந்தது அப்போதுதான்.

இடப் புருவத்துக்கு மேலிருந்து சூடாக வழிந்து கண்ணை மூடியது. கழுத்துத் துணியை அவிழ்த்து மடித்துக் காயத்தில் வைத்தாள். துணி நிற்கவில்லை, நழுவியது. தள்ளாடி வண்டிக்குப் போய், மாடு சிரித்தால் சிரிக்கட்டும் என்று மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்துத் துணிக்கு மேலே அழுத்தி மாட்டினாள். எழுபத்தேழை முடித்தாள். எழுபத்தெட்டையும் முடித்தாள், எல்லாம் அரையடி அரையடித் தட்டாக. எழுபத்தொன்பதுக்குக் கம்பி கட்டும்போது காளை அந்தப் பக்கம் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே கால், ஒரு வண்டி நீளத்துக்கு இடைவெளி.

காளையைத் துரத்திக்கொண்டு ஆர்வில் தன் வண்டியில் வந்து இறங்கினான். ஹெல்மெட்டுக்குக் கீழே பாதி முகம் சிவப்பாக இருந்ததைப் பார்த்தான்.

"தோரா... என் குழாய்..."

கோதுமை மூட்டை மாதிரி விழுந்தான்.

அவள் அவனைப் பார்த்தாள், காளையைப் பார்த்தாள், இடைவெளியைப் பார்த்தாள். முதலில் தன் வண்டியைக் கொண்டுவந்து இடைவெளியில் குறுக்காக, பம்பர் காலைத் தொடும்படி நிறுத்தினாள். காளை வந்து கதவை முகர்ந்து, கண்ணாடியை நக்கிவிட்டு நின்றது. அதற்குப் பிறகுதான் ஓடைத் தண்ணீரை அள்ளி ஆர்வில் முகத்தில் அடித்தாள்.

"அது ரத்தமா?"

"தக்காளிச் சாறு. எந்திரி. நீதான் ஓட்டணும், எனக்கு ரோடு ரெண்டாத் தெரியுது. என்னப் பாக்காத, ரோட்டப் பாரு."

நாற்பது மைல் அவன் கழுத்தைத் திருப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆர்விலை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள்.

"யாரும்மா அடிச்சது?"

"குழாய்."

"குழாயப் பிடிச்சிருந்தது யாரு?"

"நான்தான்."

"பயப்படாமச் சொல்லுங்க. அவரு வெளியதான் இருக்காரு."

"வெளிய எனக்கொரு காளை நிக்குது தாயி. சீக்கிரம் தை."

"படுத்திருந்தாத்தான் தைக்க முடியும். காலையாவது ஆட்டாம இருங்க."

அங்கே வரவேற்பு மேசையில் இருந்தவள் மேவிஸ். ஒரு துண்டு நூல் கொடுத்தால் போர்வையே நெய்துவிடுவாள். அவள் எதிரில் உட்கார்ந்து ஆர்வில் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "எல்லாம் என்னாலதான், எல்லாம் என்னாலதான்" என்று விசும்பினான். அவன் கன்னத்தில் விழுந்த இடத்துச் சேறு. மேவிஸுக்கு வேறென்ன வேண்டும்?

மண்டை உள்ளுக்குள் குலுங்கியிருக்கிறது, இன்று ராத்திரி அடிக்கடி எழுப்பிப் பார்க்க ஓர் ஆள் கூடவே இருக்கணும் என்றாள் நர்ஸ். ஆர்வில் அவள் வீட்டில் தங்கினது அதற்குத்தான். அவன் நாற்காலியிலேயே குறட்டை விட்டான். அவள்தான் எழுந்து எழுந்து, ஜன்னல் வழியே தன் வண்டி நின்ற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் அவள் போவதற்குள் எண்பதாவது காலை அவன் இறக்கியிருந்தான். அவள் பாதியில்! ஒரு வாரம் பொறுத்து, அதைப் பிடுங்கித் தன் கையாலேயே மறுபடி இறக்கினாள், ஹெல்மெட்டோடு. அதற்கு முன்னால் கொட்டகையில் கிடந்த பெயிண்ட்டை எடுத்து, அந்தக் காலின் தலையிலும் இறக்காமல் மிச்சமிருந்த கால்களின் தலையிலும் ஒரு சாண் வெள்ளை அடித்து வைத்தாள்.

அடுத்த மார்ச்சில் இருபத்தெட்டுக் கன்று. இருபத்தெட்டும் கறுப்பு.

அந்தச் சேதியைச் சொல்லத்தான் அவள் காப்பிக்கடைக்கு வந்தாள், காப்பியை நின்றபடியே குடித்தாள். உள்ளே மேவிஸ் இருபது தையல் வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டிருந்தாள். தோரா கோப்பையை மேசையில் வைத்தாள்.

"இந்தா மேவிஸ், அவன் என்னய அடிக்கவும் இல்ல, நான் அவனக் குத்தவும் இல்ல. குட்டைக் குழாய்னு தெரிஞ்சும் உசரத் தூக்குனேன், என் மண்டைல நானே போட்டுக்கிட்டேன். ரத்தத்தப் பாத்து அவன் மயங்கி விழுந்தான். தையல் பதினொண்ணு."