மிச்சம் இங்கன இருக்கு

ஜெயசீலி அம்மா இறந்த செய்தி அவருடைய கடை வாசலில் வைத்தே எனக்குக் கிடைத்தது. போடி கடைத்தெருவில் பள்ளிக்கூடம் கூடும் நேரத்துக்கு முன்பே ஷட்டரைத் தூக்கிவிடுகிற கடை அது. அன்று தூக்கவில்லை. தைக்க வேண்டிய புத்தகம் ஒன்று இருக்கிறது என்று வரச் சொல்லியிருந்தார். கோணியூசியோடும் நூலோடும் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வளையல் கடைக்காரர் வெளியே வந்து, "அண்ணே, நிக்காதீக. அக்கா போயிருச்சு" என்றார். எங்கே போயிருக்கிறது என்று நானும் மடையன் மாதிரி கேட்டேன். அவர் தன் கடை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் விளங்கியது. விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று தேனிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். உயிரோடு தேனி போய்ச் சேரவில்லை.

போன வாரம் அவருக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். நானும் இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்றேன். "பெரியவரே, பேசுறவுக பேரெல்லாம் நோட்டீஸ்ல முன்னாடியே அடிச்சாச்சு" என்றார் ஒருவர். மைக்கைப் பிடித்த ஒவ்வொருவரும் கைடு, கைடு என்றே பேசினார்கள். பத்தாம் வகுப்புக் கைடு எந்த ஊரிலும் கிடைக்காதபோது அவர் கடையில் கிடைத்ததாம். நுழைவுத் தேர்வுப் புத்தகத்தை அவர்தான் முதலில் வரவழைத்தாராம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கடையின் பின்னறையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஏலக்காய் மண்டியில் மூட்டை தைத்தவன். மூட்டை மேல் எழுதிய பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்து, யாருடைய தயவும் இல்லாமல் கதைப் புத்தகம் வரைக்கும் வந்தவன். மைக் தராததில் எனக்கு மனத்தாங்கல் இல்லை என்று எழுதினால் அது பொய். இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். அந்தப் பின்னறையில் புத்தகம் எடுத்த நீங்கள் இதைப் படித்தால் போதும்.

முன்பக்கம் கைடு, வினா வங்கி, ஜாமெட்ரி பாக்ஸ். பின்னறையில் படித்துவிட்டுத் திருப்பித் தரும் கதைப் புத்தகங்கள். மண்டியில் ஏலக்காயைத் தரம் பார்த்துப் பொறுக்கும் பெண்கள் மாத நாவல் எடுத்துப் போவார்கள். ஆளுக்கு ஒன்றாக எடுத்துத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். ஆட்டோக்காரர்களுக்குப் பேய்க்கதை. தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவர் ராஜா ராணிக் கதையில் எத்தனை பாகம் இருந்தாலும் விடமாட்டார். ஆசிரியர்கள் முன்பக்கத்தோடு திரும்பிவிடுவார்கள். பிள்ளைகள் போனில் கதைச் சுருக்கம் கேட்டுவிட்டு, படித்துவிட்டேன் என்பார்கள். ஜெயசீலி அம்மா அவர்களை வம்பாக உள்ளே இழுப்பார். "ஏலே, பரீட்சை முடிஞ்சிருச்சுல்ல, இனி இதைப் படி. இதுல எவனும் கேள்வி கேக்க மாட்டான்" என்பார்.

ஒரு விடுமுறையில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கையில் ஒரு நாவலைக் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் வாங்கியதும் பின்னட்டையைத் திறந்து கடைசிப் பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"என்னத்தா தேடுற?"

"ஆன்சர் கீ எங்க ஆன்ட்டி?"

நான் சிரித்துவிட்டேன். ஜெயசீலி அம்மா சிரிக்கவில்லை. "கைடு வித்தது நான்தானே. எனக்கு வேணும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். அதை இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நாவல்களில் தையலைப் பிரித்து, கடைசிப் பகுதியைத் தனியாக எடுத்துவிடுவார். முன்பகுதியை மட்டும் கொடுப்பார். படித்தவர் திரும்பி வந்து, அதுவரை நடந்த கதையைத் தன் வாயால் சொன்னால் உள்ளே போய் மீதியை எடுத்து வருவார். அந்த மீதிக்கு அவர் வைத்த பெயர் மிச்சம். "மிச்சம் இங்கன இருக்கு. வந்து வாங்கிக்க" என்பார். மிச்சத்தையும் படித்து முடித்து இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்தால், அதை மறுபடியும் தைப்பது என் வேலை.

நான் சண்டை போட்டேன். "ஏம்மா, இதுக்குப் பேரு புத்தகமா? வாலறுந்த பல்லி கணக்கா இருக்கு."

"பல்லிக்கு வாலு முளைக்கும்ணே. இல்லாட்டி ஒங்க ஊசி எதுக்கு இருக்கு?"

"பிள்ளைகள நிக்க வச்சு ஒப்பிக்கச் சொல்றது வாத்தியார் வேலை. அந்த வேலைக்குப் பயந்துதான் நான் மூணாங் கிளாசோட ஓடி வந்தேன்."

"ஒப்பிக்கச் சொல்லலண்ணே. பேசச் சொல்றேன். வீட்ல போய் யாருகிட்டப் பேசுதுக?"

நான் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குத் தரும் புத்தகத்தில் கத்தியை வைத்தால் கடைப்பக்கமே வரமாட்டேன் என்றேன். எனக்கு மட்டும் முழுசாகத் தந்தார்.

ஆன்சர் கீ தேடிய பெண்ணுக்காகத்தான் இந்த வழக்கம் வந்தது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகு ஒன்றைக் கவனித்தேன். தேர்வு முடிவு வருகிற காலத்தில்தான் அவர் அதிகமாகப் பிரிப்பார். ஆண்டின் மற்ற மாதங்களில் அந்தப் பிள்ளைகளுக்கே முழுப் புத்தகமும் போகும். ஒரு நாள் தைத்துக்கொண்டே கேட்டேன். அவர் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "முன்ன ஒரு பையன் வந்தான்ணே. ரிசல்ட் வந்த அன்னைக்கு. எடுத்த புத்தகத்தை மேசை மேல வச்சு, 'படிச்சு முடிச்சிட்டேன் ஆன்ட்டி, இனி ஒண்ணும் பாக்கி இல்ல'ன்னான். நல்ல பிள்ளை, சொன்ன தேதிக்குக் கொண்டாந்துட்டானேன்னு நானும் சந்தோசமா எடுத்து அடுக்குனேன்." கல்லாவை இழுத்துச் சில்லறையை எண்ண ஆரம்பித்தார். அந்தப் பையன் யார், என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துபோயிற்று. கையில் இருந்த புத்தகத்தைத் தைத்து முடிக்க அன்று எனக்கு வெகுநேரம் ஆனது.

அவரோடு கடைசியாகப் பேசியதும் இதைப் பற்றித்தான். கடையை அடைக்கும் நேரம். ராசிங்காபுரத்துப் பவித்ரா வந்து ஒரு நாவல் எடுத்துப் போயிருந்தாள். அவள் அம்மா முருகேஸ்வரி நான் வேலை பார்த்த மண்டியில் ஏலக்காய் பொறுக்குகிறவள். பவித்ரா டாக்டர் படிப்புக்கான நுழைவுத் தேர்வை இரண்டாம் முறை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள்.

"போன தடவ மார்க் போனப்பக்கூட என்கிட்ட வந்து ஒரு பாட்டம் அழுதுச்சுண்ணே. இந்தத் தடவ அழுகவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. எனக்கு மனசு பக்குபக்குங்குது."

"அப்ப முழுசாக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே? ஒரேயடியாப் படிச்சு முடிச்சாலாவது மனசு ஆறும்."

"முடிச்சுட்டா வராதுண்ணே. மிச்சம் என்கிட்ட இருக்கட்டும்."

மறுநாள் காலைதான் பூட்டிக் கிடந்த கடையின் முன் நான் நின்றேன்.

அவர் மகன் சாமுவேல் கோயம்புத்தூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். நல்ல பையன். புத்தகக் கடையில் பிறந்து வளர்ந்தாலும் பரீட்சைக்கு இல்லாத ஒரு புத்தகத்தையும் தொடாதவன். அடக்கம் முடிந்ததும் கடையைக் காலி செய்யத் தொடங்கினான். இடம் செல்போன் கடைக்குப் பேசியாகிவிட்டது. கதைப் புத்தகங்களை எங்கள் தெருப் படிப்பகத்துக்குத் தந்தான். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். பழைய கைடுகளை எடைக்குப் போடக் கட்டுக் கட்டாக வாசலில் இறக்கினான். தட்டு வண்டிக்காரர் வந்து நின்றார். அந்த நேரத்தில் வளையல் கடைக்காரரின் மகள் போனைப் பார்த்துவிட்டு, "நுழைவுத் தேர்வு ரிசல்ட் வந்திருச்சு" என்று அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

பவித்ராவின் மிச்சம் இன்னும் கைக்கு வரவில்லை. மிச்சங்களை அவர் எங்கே வைப்பார் என்று எனக்குத் தெரியாது. உள்ளே போவார், எடுத்து வருவார், அவ்வளவுதான். படிப்பகத்துக்குப் போன நாவல்களில் தேடிவிட்டேன். வீட்டு அலமாரியிலும் இல்லை என்றான் சாமுவேல். வண்டியில் ஏறப்போவது இந்தக் கட்டுகள் மட்டும்தான். நான் பெரிய கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, எந்திரிங்க. வண்டிக்காரர் காத்திருக்காரு."

"ஒங்கம்மா வச்ச மிச்சம் எங்கன்னு சொல்லு, எந்திரிக்கிறேன்."

"எனக்கு என்ன மாமா தெரியும்? இது பூராவும் பாடத்திட்டம் மாறிப்போன கைடு. எவனும் தொட மாட்டான். மாமா, தெருவே வேடிக்கை பாக்குது."

"பாக்கட்டும்."

"பெருசு உக்காந்த எடையையும் சேத்துப் போட்ருவோமா?" என்றார் தட்டு வண்டிக்காரர். தெரு சிரித்தது. சாமுவேல் பொறுமை இழந்து கட்டின் சணலைப் பிடித்து இழுத்தான். சணல் அறுந்தது. கைடுகளோடு நானும் ரோட்டில் சரிந்தேன். என் மடியில் ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் கைடு ஒன்று விரிந்து கிடந்தது. உள்ளே சமூக அறிவியல் இல்லை. ஒருவன் கல்யாண மண்டபத்தை விட்டு இறங்கி மழையில் நடந்துகொண்டிருந்தான்.

அட்டை மட்டும் கைடு. உள்ளே நாவலின் மிச்சம். ஒவ்வொன்றையும் இப்படித்தான் வைத்திருக்கிறார். பாடத்திட்டம் மாறிய கைடைத் திறந்து பார்க்கும் மனிதன் இந்த ஊரில் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. சாமுவேலும் என்னோடு ரோட்டில் உட்கார்ந்து பிரித்தான். கணக்குக் கைடில் ஒரு கொலைகாரன் பிடிபட்டான். இயற்பியலில் இரண்டு பேர் ரயிலடியில் பிரிந்தார்கள். "எங்கம்மாவா இது?" என்று சாமுவேல் கேட்டுக்கொண்டே இருந்தான். பவித்ரா எடுத்த நாவலை நான் முன்பே முழுசாகப் படித்திருந்தேன். அப்பா ஓடிப்போன பின் அக்காளும் தங்கையும் செங்கல் சூளை நடத்தும் கதை. சூளையில் தீ மூட்டும் இடத்தைக் கண்டதும் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மண்டிக்கு ஓடினேன்.

முருகேஸ்வரி ஏலக்காய்த் தட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். "காலையிலருந்து போன் எடுக்க மாட்டேங்குறா, பெரியப்பா. தூங்கியிருப்பா" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த ஏலக்காய் சிந்தியது. "நீங்க ஆட்டோவுல போங்க. நான் கணக்கப்பிள்ளைகிட்டச் சொல்லிட்டுப் பின்னாலயே வர்றேன்."

ராசிங்காபுரம் பக்கத்து ஊர்தான். அன்று வழி நீண்டுகொண்டே போனது. வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். சத்தம் இல்லை. பவித்ரா என்று கூப்பிட்டேன். இல்லை. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், அவர் சொல்வதையே சொன்னேன். "ஏத்தா, ஜெயசீலி கடையிலருந்து வந்திருக்கேன். ஒன் மிச்சம் என்கிட்ட இருக்கு."

சட்டைக்குள்ளிருந்து கைடை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு தாழ்ப்பாள் விலகியது.

முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த கைடைப் பார்த்தாள். "ஆன்ட்டி ஏன் வரல?" என்றாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். மார்க்குக்கு அழவில்லை என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் சத்தம் போட்டு அழுதாள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கதை சொல்லணும்ல தாத்தா?" என்றாள்.

"நான் அதெல்லாம் கேக்குற ஆள் இல்ல. இந்தா, பிடி."

அவள் வாங்கவில்லை. சொன்னால்தான் வாங்குவேன் என்று சொல்லத் தொடங்கினாள். சூளை போட்ட இடம், அக்காளின் பிடிவாதம், தங்கை பொய் சொன்ன இடம். ஒன்றிரண்டு தப்பாகச் சொன்னாள். நான் திருத்தவில்லை. முருகேஸ்வரி தெருமுனையில் ஓடி வருவது தெரியும்வரை பேசிக்கொண்டேயிருந்தாள். ஓடி வந்தவள் மகளைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுவிட்டாள். என்ன மார்க் என்று நான் கேட்கவில்லை. இன்றும் தெரியாது.

மிச்சங்கள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. வந்து கேட்டால் தருவேன். கதை சொல்லச் சொல்லமாட்டேன். புத்தகத்தைப் பிரித்தது தப்பு என்றுதான் இன்றும் சொல்வேன். அவர் எதிரே உட்கார்ந்திருந்தாலும் சொல்வேன்.

அவரிடமிருந்து எனக்கென்று வந்து சேர்ந்தது அவருடைய பயம். எனக்கு அது முன்பு கிடையாது. அடுத்தவர் வீட்டுப் பிள்ளை எந்தப் பரீட்சை எழுதினால் எனக்கென்ன என்று இருந்தவன் நான். இப்போது ரிசல்ட் வரும் என்று பேப்பரில் பார்த்தால், மிச்சம் வாங்க வராத பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். விலாசம் விசாரிக்கிறேன். ஆட்டோக்காரர்கள் கேலி செய்கிறார்கள். இந்த வயதில் இந்தப் பயம் எதற்கு, விட்டுவிடுங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். விடுவதாக இல்லை.