செம்மறியின் ஏப்பத்துக்கு வரி

ஆடு ஏப்பம் விட்டால் அதற்கு வரி கட்டவேண்டி வரும் என்று ஒருவர் சொன்னபோது, என் ஆங்கிலத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. பிக்கரிங் என்ற ஊருக்கு வடக்கே செம்மறி வளர்த்த ஒரு வெள்ளைக்காரர், தன் வயிற்றைத் தடவி வாயைத் திறந்து காட்டி எனக்கு விளங்கப்படுத்தினார். ஆடு இரைமீட்கும்போது ஒரு வாயு வருகிறதாம். அது மேலே போய் உலகத்தைச் சூடாக்குகிறதாம். ஆட்டுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் ஒருநாள் கேட்கப்போகிறது என்று பத்திரிகையில் படித்திருக்கிறார். நான் தலையாட்டினேன். ஏப்ரலிலும் பனி கொட்டுகிற நாட்டில், உலகம் சூடாகிறதென்று ஒரு மனிதர் கவலைப்படுவதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவரிடம் நான் போய்வந்தது பங்கு இறைச்சிக்காக. ஊரில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாயை அடித்து, ஈரல், குடல், எலும்பு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துக் குவியல் குவியலாகப் பங்கு போடுவோம். இங்கே வந்து குடியேறிய மல்வேர்னில், எங்கள் மாடிக் கட்டடத்தில் அந்தப் பொறுப்பை யாரும் என்னிடம் தரவில்லை, நானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அரச அனுமதி பெற்ற இறைச்சிக்கூடத்தில் அழகாக வெட்டிப் பொதி செய்து தருவதை, நான் வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாவற்றையும் பிரித்து மறுபடி குவியல் போடுவேன். “உங்களுக்கு விசர்” என்பாள் மனைவி. இருக்கலாம். ஆனால் என் பங்கில் ஈரல் குறைந்ததென்று ஒருவரும் சொன்னதில்லை.

அந்தக் கோடையில் பண்ணைக்காரர் என்னைக் களஞ்சியத்துக்குள் கூட்டிப்போனார். கூரை முட்ட மூட்டைகள். எல்லாம் ஆட்டு மயிர், இரண்டு வருடத்துச் சேர்மானம். வாங்க ஆளில்லை என்றார். இறைச்சியோ கடல் தாண்டி உறைந்து வந்து மலிவாக விற்கிறது. இதற்குமேல் வரியும் வந்தால் தன்னால் ஏலாது. பிறகு நேராகவே கேட்டார்: உன்னுடைய சனங்கள் இந்த ஒக்ரோபரில் இருபது குட்டி எடுப்பார்களா? எடுத்தால் தாய் ஆடுகளைக் குளிர்காலம் முழுவதும் வைத்துப் பார்ப்பேன். இல்லையென்றால் பனிக்கு முன்னால் எல்லாவற்றையும் ஏலத்துக்கு அனுப்பிவிடுவேன்.

ஒரு மந்தையின் விதியை என் கையில் தந்துவிட்டார். எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. கட்டடத்தில் மாடி மாடியாக ஏறிக் கதவு தட்டினேன். செம்மறி மணக்கும் என்று மூக்கைச் சுளித்தவர்கள்கூட “ஓம் அண்ணை, எங்கட பங்கையும் போடுங்கோ” என்றார்கள். எனக்குத்தான் நாள் வைக்கத் தெரியவில்லை. நான் கத்தோலிக்கன். தீபாவளிக்குச் சைவசமயக்காரர் வீட்டில் இறைச்சி காய்ச்சுவார்கள் என்பது எனக்குத் தெரியும், சின்ன வயதில் போய்ச் சாப்பிட்டும் இருக்கிறேன். அந்த வருடம் தீபாவளி திங்கட்கிழமை வந்தது. வேலை நாளில் யார் ஆடு வெட்டப் போவது? ஆறுதலாக அதற்குப் பிறகு வாற சனிக்கிழமை எடுப்போம் என்று பண்ணைக்காரருக்கும் இறைச்சிக்கூடத்துக்கும் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், ஆயத்தமா என்று கேட்க மூன்றாம் மாடி அன்ரிக்கு ரெலிபோன் எடுத்தேன்.

“ஐயோ தம்பி, நாளைக்கோ? கந்தசஷ்டி எல்லோ! நான் ஆறு நாளும் விரதம் பிடிக்கிறன். வீட்டுக்குள்ள இறைச்சி எடுக்கமாட்டன்.”

“அப்ப ஏன் அன்ரி அண்டைக்கு ஓம் எண்டனீங்கள்?”

“நீர் கேட்டீர், இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? நாளை மாத்துவீர் எண்டு நினைச்சன்.”

அடுத்த வீடும் அதே. அதற்கடுத்ததும் அதே. நாள் பிழை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, யாராவது எனக்குச் சொல்லியிருப்பார்கள் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் ரெலிபோனை அடித்து வைத்தேன். மனைவி மட்டும் ஆறுதலாக, “நீங்கள் சைவப் பிள்ளையளோடதானே படிச்சனீங்கள், உது தெரியாதோ?” என்றாள். இருபதில் மிஞ்சியது மூன்று. அந்த மூன்றும் எங்கள் கத்தோலிக்கக் கோயில்காரர் கேட்டது.

சனி காலை பண்ணைக்காரர் இருபது குட்டிகளைத் தனியாக அடைத்து வைத்துக் காத்திருந்தார். மூன்று என்றேன். ஏன் என்றார். சொல்ல வெளிக்கிட்டேன். ஒரு கடவுள், அவருக்கு ஒரு சூரனோடு ஆறு நாள் சண்டை, அதனால் மாடி வீடுகளில் இறைச்சி இல்லை. எனக்கு இருந்த ஆங்கிலத்தில் அது எந்தப் பக்கமும் போய்ச் சேரவில்லை. அது என் கடவுளும் இல்லை. அவர் மெதுவாக, “வரிதானே? விலை ஏறும் என்று உன்னுடைய சனங்களும் பயப்படுகிறார்களா?” என்று கேட்டார்.

“ஓம்” என்று சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், ஆனால் அது மூன்றாம் மாடி அன்ரி சொன்ன அதே ஓம். அடுத்த கிழமை எல்லாரும் எடுப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். வெட்கத்தில் அது வாயில் வரவில்லை.

கார்த்திகைக்குள் மந்தை போய்விட்டது. வசந்தத்தில் ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது வேலிக்குள் புல்தான் நின்றது. அவர் என்னைக் கண்டு சந்தோஷமாகக் கையசைத்தார். களஞ்சியத்திலிருந்து ஒரு மூட்டை ஆட்டு மயிரைத் தூக்கி வந்து என் காருக்குள் வைத்தார். எல்லாரும் ஒன்றும் நடக்காது என்று பூசி மெழுகினார்களாம், நான் ஒருவன்தான் உள்ளதைச் சொன்னேனாம்.

அந்த வரி இன்றுவரை வரவில்லை. பத்திரிகையில் அதைப் பற்றி ஏதாவது வந்தால் ஒரு வரி விடாமல் படிக்கிறேன். அந்த மந்தையை விற்றது கம்பளி விலையா, உறைந்த இறைச்சியா, கந்தசஷ்டியா, நானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்த வரி வந்துவிட்டால் நல்லது என்றுகூடச் சில நாட்களில் நினைக்கிறேன், வெட்கம்கெட்ட நினைப்புத்தான். வந்தால், அன்றைக்கு நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும்.