மந்திரிக்காத வீடு

டோரதிக்கு அரைகுறை என்றாலே ஆகாது. ரவிக்கையில் ஒரு கொக்கி கோணலாக இருந்தால் தையல்காரர் கடைக்கு நாலு நடை நடப்பாள். கிறிஸ்துமஸ் குடிலில் கடைசி ஆட்டுக்குட்டியை வைத்து முடிக்கும்வரை வீட்டில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. கணவர் ஓஸ்வால்ட் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார். பக்கவாதம் வந்து படுத்த பிறகும் அந்தச் சிரிப்பு பாதி வாயில் மிச்சமிருந்தது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர்கள் வீடு வெள்ளைக்காரன் காலத்தது. ஓஸ்வால்ட் பிறந்ததே அதன் முன்னறையில்தான். ஓடு ஒழுகி, சுவர் ஊறி, நோயாளியை வைத்துக்கொள்ள முடியாமல் போனபோது மகன் கிளெமென்ட் ஒரு யோசனை சொன்னான். பழைய வீட்டைப் பழையபடியே பழுதுபார்ப்பது. பின்பக்கத் தோட்டத்தில், சக்கர நாற்காலி தாராளமாகப் போய்வர, கண்ணாடிச் சுவர் வைத்துப் புதிதாக ஓர் அறை கட்டுவது. அதுவரை பிரேசர் டவுனில் வாடகை வீடு. ஓஸ்வால்ட் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கண்ண மூடுறதுக்குள்ள என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு, டோரா."

கூட்டிப்போவதாக அவள் வாக்குக் கொடுத்தாள்.

பின்னறை மளமளவென்று எழுந்துவிட்டது. கட்டில், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, எல்லாம் தயார். பழைய வீடுதான் இழுத்தடித்தது. அதுவும் ஒருவழியாக முடிகிற நேரத்தில், முன்னறைக்குப் புதிதாகப் போட்ட சிவப்புத் தரை ஒரு மூலையில் வெளுத்திருப்பதை டோரதி பார்த்துவிட்டாள். பெயர்த்துவிட்டு முழுத்தரையையும் மறுபடி போடச் சொன்னாள். மறுபடி தண்ணீர் கட்டி, காயவிட்டு, தேய்த்து மெருகேற்ற வேண்டும். மேஸ்திரி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மம்மி, பின்னாடி ரூம் ரெடியா இருக்கு. டாடிய அங்க கூட்டிட்டுப் போயிடலாம். முன்னாடி வேல அதுபாட்டுக்கு நடக்கட்டும்" என்றான் கிளெமென்ட்.

"ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்காத வீட்டுல நோயாளியப் படுக்க வைக்கிறதா? பாதி வீட்ட எப்பிடிடா மந்திரிக்கிறது?"

"ஃபாதரையே கேட்டுட்டேன். இப்ப அந்த ரூம மட்டும் மந்திரிச்சுக் குடுக்கறேன்னாரு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, மம்மி."

"ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்காதா? உங்க டாடி முன்வாசல் வழியா, முழு வீட்டுக்குள்ளதான் வருவாரு."

இதில் பக்தி கால் பங்கு. மீதி வீம்புதான், வேறென்ன? மாலையில் அவள் திரும்பியதும் ஓஸ்வால்ட் கண்ணாலேயே கேட்பார். "இன்னும் கொஞ்சந்தாங்க" என்பாள். அவரும் நம்பினார். அவள் பிடிவாதம் பிடித்து நடக்காத காரியத்தை அவர் பார்த்ததே இல்லை.

தரை மெருகேறி முகம் பார்க்கிற மாதிரி ஆன அதே வாரத்தில், வாடகை வீட்டுக் கட்டிலில், காலைக் கஞ்சிக்கு முன்னால் ஓஸ்வால்ட் போய்விட்டார். வீடு மந்திரிக்க ஃபாதர் வருவதாக இருந்தது வரும் ஞாயிற்றுக்கிழமை.

பெட்டியை முன்வாசல் வழியாகத்தான் கொண்டுவந்தார்கள். முன்னறையில் வைத்து ஜெபமாலை சொன்னார்கள். சாவு வீடென்றால் மட்டும் கண் சும்மா இருக்குமா? வந்தவர்கள் கூரை ஓடுகளை அண்ணாந்து பார்த்தார்கள். கண்ணாடிச் சுவரை எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு சரளா டோரதியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், பேச்சை மாற்றினால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாகக் கேட்டாள்.

"வீடு எவ்ளோ அழகா வந்திருக்குக்கா. இந்தத் தரை பழசா, புதுசா?"

"புதுசுதான். மொதல்ல போட்டது மூலையில வெளுத்துப்போச்சு. நான் விடுவேனா? பேத்துட்டு மறுபடி போட வெச்சேன். இப்ப பாரு, எங்கயாவது திட்டு தெரியுதா..."

சொல்லச் சொல்ல டோரதியின் முகம் மலர்ந்தது. மூலையைக் காட்டக் கையை நீட்டினாள். நடுவில் பெட்டி இருந்தது.

சரளா தலையைக் குனிந்துகொண்டாள். டோரதிக்கு அழுகை வரவில்லை. தன்மேலேயே அருவருப்புதான் வந்தது. நீட்டிய கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாம், சரளா" என்றாள். "அவரு அந்த மூலையவா பாத்திருக்கப் போறாரு?"