அரை சென்டிமீட்டர் போலீஸ்

“அதுவா போலீஸ் ஆவப் போவுது? திருடன் வந்தா, அவன் போற வரைக்கும் கதவு பின்னாடியே நின்னுக்கிட்டு இருக்கும்.”

ஜெராக்ஸ் கடையில் மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று இதைச் சொன்னவர் எங்கள் எதிர்வீட்டு செல்வி அக்கா. மெஷினுக்கு இந்தப் பக்கம், சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றவள் நான். அக்கா கிளம்பிப் போகும்வரை நான் வெளியே வரவில்லை. அவர் சொன்னதை அப்போதே நிரூபித்துக் காட்டியது போல ஆகிவிட்டது.

காவலர் வேலையைவிட, அந்த வேலைக்குத் தேர்வாவதுதான் பெரிய வேலை. என்னோடு அந்த வரிசைகளில் நின்றவர்களுக்கும், இன்னும் நின்றுகொண்டிருக்கும் தோழிகளுக்கும் இது தெரியும். தெரியாதவர்களுக்காக விருத்தாசலத்துக்காரி ஒருத்தியின் அனுபவங்கள் சில.

கொண்டைக்கு வேலை இல்லை

நான் கணிதப் பட்டதாரி. படித்து முடித்தபின் ஊரில் ஒரு பீங்கான் பொருள் கடையில் விற்பனைக்கு நின்றேன். வாடிக்கையாளர் ஜாடியைக் காட்டி விலை கேட்பார். சொல்வேன். “என்னா?” என்பார். மறுபடி சொல்வேன். “சத்தமா சொல்லும்மா” என்பார். மூன்றாவது முறை சொல்வதற்குள் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார். போலீஸ் வேலை மேல் எனக்கு ஆசை வந்தது அங்கேதான். காக்கி உடுப்பு போட்டவரிடம் யாரும் “சத்தமா சொல்லும்மா” என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

முதல் முறை எழுத்துத் தேர்வில் தேறி, கடலூர் மைதானத்தில் உயரம் அளக்கப் போனேன். காலையிலிருந்து வெயிலில் நின்று என் முறை வரும்போது மதியமாகிவிட்டது. அவர்கள் கேட்ட உயரத்துக்கு எனக்கு அரை சென்டிமீட்டர் போதவில்லை. அதை முன்பே வீட்டுச் சுவரில் அளந்து சந்தேகப்பட்டுத்தான், உச்சந்தலையில் கெட்டியாக ஒரு கொண்டை போட்டுப் போயிருந்தேன். அளந்த பெண் அதிகாரி ஒரே விரலால் கொண்டையை அமுக்கினார். எனக்கு அடுத்த முறைதான் கடைசி முறை, அதற்குப் பின் வயது தாண்டிவிடும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவர் சொன்னார்: “கொண்டைக்கெல்லாம் வேலை தர மாட்டாங்கம்மா. தலைக்குத்தான்.”

அப்பாவின் விளக்கம்

அப்பா பீங்கான் கம்பெனியில் அச்சில் பொம்மை வார்ப்பவர். வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் பச்சை மண்ணில் செய்ய வேண்டும். காயும்போது கொஞ்சம் குறையும், சூளையில் வேகும்போது கொஞ்சம் குறையும். இந்தக் கணக்கை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பள்ளிச் சீருடை முதல் செருப்பு வரை எனக்கு எல்லாமே ஒரு சுற்றுப் பெரிது. அம்மா நாலு இட்லி வைத்தால் “அஞ்சா வை, ஆறினா கொறையும்” என்பார். மற்றபடி பேச்சு குறைவு. சூளையிலிருந்து எடுத்த பொருளை நல்லது என்றோ கெட்டது என்றோ வாயால் சொல்லவே மாட்டார். விரலை மடக்கித் தட்டுவார், காதைச் சாய்த்துக் கேட்பார். கணீரென்றால் இந்தப் பக்கம் வைப்பார், மந்தமாகக் கேட்டால் அந்தப் பக்கம். அவர் பாராட்டே அவ்வளவுதான்.

கடலூரிலிருந்து அழுதுகொண்டு வந்தவளிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: எத்தனை மணிக்கு அளந்தார்கள்? மதியம் என்றேன். உடனே அம்மா பக்கம் திரும்பி, “பொண்ணு சரியான அளவுதான். வெயில்ல காயவச்சி கொறைச்சிட்டாங்க” என்றார். நான் போனில் தேடிப் பார்த்தேன். தூங்கி எழும்போது மனிதர்கள் கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கிறார்கள், நிற்க நிற்க முதுகெலும்பு அமுங்கி உயரம் குறைகிறதாம். வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நின்றதுதான் காரணம் என்று அப்பாவுக்குப் பொறுமையாக விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: “நின்னது வெயில்லதானம்மா?”

இருந்தும் இல்லாதவள்

கடைசி முறைக்கான எழுத்துத் தேர்வு. அறைக் கண்காணிப்பாளர் எண்களை வாசித்தார். என் எண் வந்தது, “எஸ் சார்” என்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கையெழுத்து வாங்க வந்தவர் என் மேசையருகே திகைத்து நின்றார். தாளில் என் எண்ணுக்கு நேராக ‘வரவில்லை’ என்று குறித்திருந்தார்.

“இருக்கேன்னு சொல்லக் கூடாதாம்மா?”

“சொன்னேன் சார்.”

“என்னா?”

“சொன்னேன் சார்.”

அவர் குனிந்து என் முகத்துக்கு நேராகக் காதைக் கொண்டுவந்தார். மூன்றாவது முறையும் சொன்னேன். அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஹால் டிக்கெட்டை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார். “போலீஸ் தேர்வுதானே எழுத வந்த? வேற ஹாலுக்கு மாறி வந்துடலையே?”

முதல் கேஸ்

உடல் திறன் தேர்வில் நான் குண்டு எறிதலைத் தேர்ந்தெடுத்திருந்தேன். பழகுவதற்கு நாலு கிலோ இரும்புக் குண்டு வேண்டும். “மண்ணு இருக்கறப்ப இரும்பு எதுக்கு?” என்றார் அப்பா. கம்பெனியில் சொல்லிவிட்டு, கெட்டியாக ஒரு மண் உருண்டை பிடித்துச் சூளையில் வைத்தார். நடுவில் ஈரம் காயாமல் இருந்திருக்கிறது. உருண்டை உள்ளேயே வெடித்துப் பக்கத்து அடுக்கில் இருந்த பிள்ளையார்களையெல்லாம் சாய்த்துவிட்டது. மேஸ்திரி தும்பிக்கை உடைந்த ஒரு பிள்ளையாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஒம் பொண்ணு வேலைக்குச் சேரட்டும்யா, மொத கேஸு நான்தான் குடுப்பேன்” என்றாராம்.

அடுத்த குண்டை அப்பா உள்ளே கூடாக வார்த்து, வெந்தபின் மணல் நிரப்பினார். இரும்பு நாலு கிலோ கைக்கு அடக்கம். மண்ணும் மணலும் சேர்ந்த நாலு கிலோ ஒரு சிறு பூசணிக்காய். தராசு நாலு கிலோ காட்டிய பிறகும் அப்பா பழக்க தோஷத்தில் மணலை அள்ளி அள்ளிப் போட்டார். மணல் குறையாதுப்பா என்றேன். எதுக்கும் இருக்கட்டும் என்று ஓட்டையைச் சிமெண்டால் அடைத்துவிட்டார். மாலை நேரங்களில் பள்ளி மைதானத்தில் அந்தப் பூசணியை எறிந்து பழகினேன். என்னோடு பழக கம்மாபுரத்திலிருந்து வரும் வினோதினி ஒரு நாள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: “ஏன்டி, உங்கப்பா ஒன்ன போலீசுல சேக்கறாரா, இல்ல கல்லு ஒடைக்க அனுப்பறாரா?”

வைக்கோலில் ஒரு பொம்மை

உயரம் அளக்கும் நாள். நான் நிற்கவும் கூடாது, உட்காரவும் கூடாது என்பது அப்பாவின் திட்டம். பஸ்ஸில் அது நடக்காது. கம்பெனியிலிருந்து கடலூருக்கு அகல் விளக்கு ஏற்றிப் போகும் குட்டியானை வண்டியில் இடம் பிடித்துவிட்டார். விடியற்காலையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே வைக்கோலைப் பரப்பி, என்னை நீட்டிப் படுக்கவைத்து, ஆடாமலிருக்க இரண்டு பக்கமும் வைக்கோல் திணித்து, மேலே தார்ப்பாய் போட்டார். பொம்மைகளை இப்படித்தான் அனுப்புவார்கள்.

வடலூருக்கு முன்னால் வண்டி நின்றது. தார்ப்பாய் விலகியது. ஒரு போலீஸ்காரர் டார்ச் அடித்தார். வைக்கோலுக்குள் ஒரு பெண் கண்ணை விழித்துப் பார்ப்பதைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார். “யாரும்மா நீ? இந்த ஆளு யாரு?” என்று, டிரைவர் பக்கத்திலிருந்து இறங்கி வந்த அப்பாவைக் காட்டினார். “அப்பா” என்றேன். கேட்கவில்லை. “பயப்படாம சொல்லும்மா, நாங்க இருக்கோம்” என்றார். அதைக் கேட்டதும் இருந்த சத்தமும் போய்விட்டது. இன்னொரு போலீஸ்காரர் அப்பாவின் தோளில் கை வைத்தார். “கடத்தல் இல்லீங்க சார், செலக்‌ஷன்!” என்று அப்பா கத்தினார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மதிய வெயில், அரை சென்டிமீட்டர், கடைசி முறை என்று எல்லாவற்றையும் கொட்டினார்.

டார்ச் அணைந்தது. “நாள் பூரா நிக்கிற வேலை இது. அதுக்குப் படுத்துக்கிட்டே போறியா?” என்றபடி அவரே தார்ப்பாயை இழுத்து மூடினார். நன்றி சொல்லலாம் என்று எழப் பார்த்தேன். வைக்கோல் சரசரத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து குரல் வந்தது: “எழுந்திரிக்காத, எழுந்திரிக்காத. போய்ச் சேர்ற வரைக்கும் படு.”

மரத்தடியில்

மைதானத்துக்குள் அப்பாவை விடவில்லை. கம்பிக் கதவு வழியாக ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து நீட்டினார். வேப்பமரத்தடியில் அதை விரித்துப் படுத்தேன். அட்டையில் பெரிய எழுத்தில் ‘உடையும் பொருள், கவனம்’ என்று அச்சடித்திருந்தது. சுற்றி நின்ற பெண்கள் முதலில் சிரித்தார்கள். வினோதினி விஷயத்தைச் சொன்னாள். சிரிப்பு நின்றது. ஒரு பெண் வந்து என் பக்கத்தில் துப்பட்டாவை விரித்தாள். பிறகு இன்னொருத்தி. பிறகு மரத்தடி நிறைந்துவிட்டது. உயரத்தில் எந்தக் குறையும் இல்லாத வினோதினியும் துணைக்கு என்று படுத்தாள். படுத்ததும் குறட்டை விட்டாள். அந்தப் பக்கமாக வந்த ஓர் அதிகாரி ஓடிவந்து, “என்னாச்சி, எல்லாருக்கும் ஒரே நேரத்துல மயக்கமா?” என்று தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அளந்தது போன முறை கொண்டையை அமுக்கிய அதே அதிகாரிதான். “இந்தத் தடவ கொண்டை இல்லையா?” என்றார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையைப் பலகைக்குக் கீழே கொடுத்தேன். பலகை இறங்கித் தலையைத் தொட்டது. அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுதினார். கேட்ட அளவு, ஒரு நூல் குறைவில்லை, ஒரு நூல் கூடுதலும் இல்லை. நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அவர் என் தோளைத் தொட்டார். “அளந்தாச்சும்மா. மூச்ச விடு.”

நாற்காலிக்கு ஆபத்து

குண்டு எறிதல் இன்னொரு நாள். இரும்புக் குண்டைக் கையில் கொடுத்ததும் எனக்குச் சந்தேகம். இவ்வளவு சின்னதா, இவ்வளவு லேசா? குழந்தைகளுக்கானதை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ? கேட்கலாம் என்றால் சத்தம் வர வேண்டுமே. பூசணியை எறிகிற பலத்தோடு எறிந்துவிட்டேன். எல்லைக் கோட்டுக்கு அப்பால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி காலைத் தூக்கிக்கொண்டார். குண்டு நாற்காலிக்கு முன்னால் பள்ளம் பறித்து நின்றது. என் பெயரைக் கேட்டார். சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: “பேசச் சொன்னா வெறும் காத்துதான் வருது. எறியச் சொன்னா என் நாக்காலிக்கே வருதே!”

கதவுக்குப் பின்னால்

எல்லாம் தேறியபின் ஒன்று பாக்கி. உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து என்னைப் பற்றித் தெருவில் விசாரிப்பார். வந்தார். தெருவில் அத்தனை வீடுகள் இருக்க, வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த செல்வி அக்காவிடம் போய் நின்றார். நான் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“ரேவதின்னு ஒரு பொண்ணு. ஆளு எப்படி? வம்பு தும்பு எதுனா உண்டா?”

“அதுவா? எங்க வூட்டுக் கோழி அவங்க வூட்டுல முட்டை போட்டா, கொண்டாந்து எங்க வாசப்படியில வச்சிட்டுக் கூப்புடாமகூட பூடும் சார். நாந்தான் ரெண்டு தடவ மிதிச்சிட்டேன்.”

அவர் எழுதிக்கொண்டார். “தைரியமான பொண்ணா?”

அக்கா கீரையைக் கீழே வைத்தார். எங்கள் கதவைப் பார்த்தார். என் நிழல் கதவின் கீழ் இடுக்கில் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஜெராக்ஸ் கடையில் சொன்னதை இங்கே ஒரு முறை சொன்னால் போதும், நான் மறுபடி ஜாடி விலை சொல்லப் போக வேண்டியதுதான் என்று அப்போது நினைத்தேன். அக்கா கையை உதறிக்கொண்டு எழுந்தார். “அதுக்குத்தான சார் ட்ரெயினிங்கு? எல்லாம் தெரிஞ்சிருந்தா நாங்க எதுக்கு உங்ககிட்ட அனுப்பறோம்?”

வெந்த பிறகு

உடுப்பு தைக்கக் கொடுத்தபோது அப்பாவும் தையல் கடைக்கு வந்தார். எதற்காக என்று உங்களுக்கே தெரியும். ஒரு சுற்றுப் பெரிதாகத்தான் தைத்தார்கள். அதற்குப் பின் பயிற்சி. விடியலில் ஓட்டம், பகலில் அணிவகுப்பு. கட்டளையை உரக்கச் சொல்லாதவர்களுக்கு மைதானத்தில் இன்னொரு சுற்று. எனக்குப் பல நாள் பல சுற்று.

பயிற்சி முடிந்து உடுப்போடு ஊருக்கு வந்தேன். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. “அப்பா!” என்று கூப்பிட்டேன். தெருமுனையில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. செல்வி அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். “யாருடி அது, ஊரக் கூட்டறது?”

சுருக்கமாகச் சொன்னால், அரை சென்டிமீட்டர் போதாமல் திரும்பி வந்தவள், அத்தனை மாத வெயிலில் இடுப்பில் இரண்டு சுற்றுக் குறைந்து, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அப்பா கதவைத் திறந்தார். கையில் மண் காய்ந்திருந்தது. மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கிட்டே வந்து, விரலை மடக்கி என் தொப்பியில் இரண்டு முறை தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார்.